மாயா கோயில்களில் எகிப்திய யானையா?

கேள்வி: மத்திய அமெரிக்காவில் உள்ள மாயா கோயில்களை எகிப்திலிருந்து கடல் கடந்து போனவர்கள்தான் கட்டினார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பாலென்கே என்ற மாயா நகரின் சிற்பத்தில் யானைத் தலை இருப்பதாகப் படமும் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் யானையே கிடையாதே! குடிசையில் வாழ்ந்த காட்டுவாசிகளால் இதையெல்லாம் கட்டியிருக்க முடியுமா?
வாசகர் ஒருவர், கரூர்

பதில்: முடியும். கட்டியவர்கள் அந்த மண்ணின் மக்களுடைய முன்னோர்களேதான். 1841-லேயே இதை ஆதாரத்தோடு புத்தகமாக எழுதி வைத்துவிட்டார்கள். இன்னமும் எகிப்தியரைத் தேடுவதில் நியாயமில்லை.

முதலில் யானை விஷயம். அது கல்லில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. 1832-இல் பாலென்கே இடிபாடுகளிலேயே தங்கிப் படம் வரைந்த வால்டெக் என்ற ஓவியரின் கைவேலை அது. கடும் உழைப்பாளிதான். ஆனால் பழைய உலகத்து மக்கள் வந்து கட்டினார்கள் என்ற முடிவோடு பார்த்ததால், தேய்ந்துபோன மாயா சித்திர எழுத்துகள் அவருக்கு யானைத் தலையாகத் தெரிந்தன. அவரை ஆதரித்த கிங்ஸ்பரோ பிரபுவோ, அமெரிக்கப் பழங்குடிகள் பைபிள் சொல்லும் இஸ்ரேலின் காணாமல்போன குலத்தார் என்று நிரூபிக்கவே சொத்தையெல்லாம் கொட்டியவர்.

சரி, கல்லை உள்ளபடி பார்த்தவர் யார்? ஹோண்டுராஸில் உள்ள கோபான் என்ற மாயா நகரம், பாலென்கே இரண்டையும் பார்த்த ஹுவான் கலிந்தோ என்ற ராணுவ அதிகாரி, சிற்பங்களின் முகச்சாயலை உள்ளூர் மக்களிடம் கண்டு 1830-களிலேயே எழுதினார். பிறகு 1839 அக்டோபரில் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் என்ற வழக்கறிஞரும் ஃபிரெடெரிக் கேதர்வுட் என்ற ஓவியரும் நியூயார்க்கிலிருந்து கப்பல் ஏறினார்கள். இருவரும் ஏற்கெனவே எகிப்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் என்பது இங்கே முக்கியம்.

கோபானில் கேதர்வுட் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கால் சேற்றில், கொசுக்கடிக்காகக் கையில் உறை, எதிரே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கல்தூண். கேமரா லூசிடா என்று ஒரு கருவி உண்டு. எதிரே இருப்பதன் பிம்பத்தைத் தாளின்மேல் விழுவது போலக் காட்டும். அதை வைத்துக்கொண்டும் முதலில் வரைந்தவை தேறவில்லை. அவர் பழகிய எந்தக் கலையோடும் அந்தச் செதுக்கல் ஒத்துப்போகவில்லை. விடாமல் மறுபடி மறுபடி வரைந்தார். அந்தப் படங்களில் உள்ள எழுத்துகளை இன்றைய அறிஞர்கள் வாசிக்க முடிகிறது என்றால் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

முதலில் சொன்ன 1841 புத்தகம் ஸ்டீபன்ஸ் எழுதியதுதான். அதில் அவர் வைத்த வாதங்கள் எளிமையானவை. எகிப்தில் பிரமிடு தனியாக நிற்கும். இங்கே அது கோயிலைத் தாங்கும் மேடை. எகிப்தில் திரும்பிய பக்கமெல்லாம் பெரும் தூண்கள். கோபானிலும் பாலென்கேயிலும் அந்த மாதிரி தூண்வரிசை இல்லை. உஷ்மால் என்ற இன்னொரு மாயா நகரில் வாசல்களுக்கு மேலே போட்ட சப்போட்டா மர உத்தரங்கள் (ஆமாம், நாம் பழம் தின்கிற அதே சப்போட்டாதான், அதன் தாய்வீடே அந்தப் பக்கம்) அப்போதும் கெட்டியாக இருந்தன. ஆயிரமாயிரம் ஆண்டு பழைய கட்டடத்தில் மரம் அப்படி நிற்காது. ஒரு இடத்தில் அவர் சறுக்கினார்: இந்தப் பிரமிடுகள் கல்லறைகள் அல்ல என்றார். 1952-இல் பாலென்கே பிரமிடு ஒன்றின் அடியில் பகல் என்ற அரசனின் கல்லறையைத் தொல்லியலாளர் அல்பெர்டோ ருஸ் திறந்தார். உள்ளே இருந்தவன் மாயா அரசன். ஆகவே ஸ்டீபன்ஸின் முடிவு அசையவில்லை.

அவரை நான் முழுக்கத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். கோபான் இடிபாடுகளை 50 டாலருக்கு வாங்கினார். சிற்பங்களைப் பெயர்த்து நியூயார்க்கில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உஷ்மாலிலிருந்து கொண்டுபோன சித்திர வேலை செய்த உத்தரம் 1842-இல் அங்கே காட்சிக்கூடத் தீயில் சாம்பலானது. அதன் இடத்திலேயே விட்டிருக்கலாம்.

ஆனால் கோபானின் சரித்திரம் அதன் கற்களிலேயே பொறித்திருக்கிறது என்று, ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாத நிலையிலேயே சொன்னார். கற்களில் இருப்பது அரச சரித்திரம் என்று 1960-இல் மாயா ஆய்வாளர் தாத்தியானா ப்ரோஸ்குரியாகோஃப் காட்டினார். அப்புறம்தான் கேதர்வுட் வரைந்த சதுரப் பலிபீடத்தில், பக்கத்துக்கு நால்வராக உட்கார்ந்திருக்கும் 16 பேரும் கோபானின் 16 அரசர்கள் என்று தெரிந்தது. அந்த எழுத்துகளின் மொழிக்கு மிக நெருங்கிய உறவான சோர்ட்டி மொழியை, கோபானிலிருந்து எல்லை தாண்டினால் வரும் குவாத்தமாலா ஊர்களில் இன்றும் வீடுகளில் பேசுகிறார்கள்.