புலி கேட்கும் பிள்ளைக்குக் குழியானை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பிள்ளைகள் இருவரும் (வயது 11, 8) பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். எங்களைப் போன்ற நான்கு குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைதோறும் காட்டுயிர் வகுப்பு ஒன்றை நடத்துகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதங்களில் ஒரு செயல்திட்டம் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மூத்தவள் கூழைக்கடாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இளையவன் புலியைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறான். இணையத்திலிருந்து படங்களை எடுத்து அட்டையில் ஒட்டினால் போதுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: போதாது. படம் ஒட்டிய அட்டையில் இருப்பது வேறொருவர் பார்த்ததுதான். அதற்கு வாரந்தோறும் ஒரு வகுப்பு தேவையில்லை. பிள்ளை தன் கண்ணால் அடிக்கடி பார்க்கக்கூடிய உயிரினமாக அது இருக்க வேண்டும் என்பதே நான் வைக்கும் முதல் நிபந்தனை. 2008ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயம் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கே புலி உண்டு என்றாலும், எட்டு வயதுப் பிள்ளை இரண்டு மாதம் காத்திருந்து அதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வழியில்லை.

ஆனால் புலியைக் கேட்கும் பிள்ளைக்கு வேண்டியது பதுங்கிப் பாயும் ஒரு வேட்டைக்காரன் என்று நினைக்கிறேன். அப்படியானால் குழியானையைக் காட்டுங்கள். மழைச்சாரல் படாத தாழ்வாரத்து ஓரத்திலும் பழைய மாட்டுத்தொழுவத்துப் பொடிமண்ணிலும் புனல் வடிவில் சிறு குழிகள் இருக்கும். அவற்றின் அடியில், தாடைகளை மட்டும் வெளியே நீட்டியபடி மண்ணுக்குள் மறைந்திருப்பதுதான் குழியானை. குழிக்குள் சறுக்கும் எறும்பு ஏறித் தப்ப முயன்றால், அது தலையால் மண்ணை வாரி வீசி மீண்டும் கீழே சரிய வைக்கும். பின்னோக்கி மட்டுமே நகரும் இந்தப் புழு, பிற்காலத்தில் மண்ணும் பட்டிழையும் கலந்த ஒரு சிறு உருண்டைக்குள் கூட்டுப்புழுவாகி, தட்டான் போன்ற சிறகுகளும் சற்றுத் தடித்த உணர்கொம்புகளும் கொண்ட பூச்சியாக வெளிவரும். புழுப் பருவத்தில் அதற்குக் கழிவு வெளியேறும் வழியே கிடையாது என்பதையும், சேர்த்து வைத்த கழிவைச் சிறகு முளைத்து வெளிவந்த பின்பே அது வெளியேற்றும் என்பதையும் சொல்லிப் பாருங்கள். உங்கள் மகன் புலியை ஒரு வாரமாவது மறந்துவிடுவான்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நன்றாகச் சலித்த உலர்மணலை நான்கு விரல் ஆழத்துக்கு நிரப்பி, இரண்டு குழியானைகளைத் தள்ளித் தள்ளி விட்டால் போதும். குழியின் விட்டத்தை நாள்தோறும் அளவுகோலால் அளந்து எழுதட்டும். எறும்பு கிடைத்த நாளுக்கும் கிடைக்காத நாளுக்கும் குழியின் அளவில் வேறுபாடு உண்டா, ஒரு மணல் துகளைப் போட்டாலும் எறும்புக்குப் போலவே மண்ணை வீசுகிறதா என்பவை அவனே விடை காணக்கூடிய கேள்விகள். புழுப் பருவம் நீண்டது. இரண்டு மாதத்தில் சிறகு முளைப்பதைப் பார்க்க முடியாமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவில் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடவும் வேண்டும்.

மகளின் தேர்வு நல்லது. தேரூர், சுசீந்திரம் குளங்களில் கூழைக்கடா வரும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022ஆம் ஆண்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. ஆயினும் தக்கலையிலிருந்து வாரம் ஒருமுறைக்கு மேல் உங்களால் போக முடியாது. எனவே “கூழைக்கடா” என்ற தலைப்போடு நில்லாமல், காலை நேரத்தில் அவை மேய்கின்றனவா, ஓய்வெடுக்கின்றனவா என்பதுபோல் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே கரையில், அதே நேரத்தில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி எழுதச் சொல்லுங்கள். தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும் கண்ணில் படலாம். அதன் இனத்தில் முட்டையை அடைகாப்பது ஆண் பறவை.

வாரத்தின் மற்ற நாட்களுக்கு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியும் எலுமிச்சையும் உண்டு. அவற்றின் இளந்தளிரில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, வளர்ந்த பின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடி வீசும். பூச்சிமருந்து தெளிக்காத இலைகளை நாள்தோறும் மாற்றி, ஏறிச் சிறகு விரிக்க ஒரு குச்சியும் வைத்து, துணி மூடிய கண்ணாடிக் குப்பியில் வளர்க்கலாம். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக மிகச் சிறிய குளவிகள் வெளிவரும். பிள்ளை அழக்கூடும், ஆனால் குறிப்பேட்டில் அதற்கு ஒரு தனிப்பக்கம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பல செயல்திட்டங்களில் அதுவே மிகச் சிறந்த பக்கமாக அமைகிறது.

கேள்வி: காற்றில் முறிந்த தென்னை மரத்தின் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சு விழுந்துவிட்டது. என் மகன் அதை வளர்த்து வகுப்பில் காட்ட விரும்புகிறான். வாய்க்காலில் தலைப்பிரட்டைகளும் பிடித்து வைத்திருக்கிறான்.
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கிளியை வளர்க்கக் கூடாது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; பிள்ளையின் படிப்புக்காக என்பது விலக்காகாது. பொந்து மிஞ்சியிருந்தால் குஞ்சை அதிலேயே வைத்துவிடுங்கள்; மனிதர் தொட்டதால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கையே. பொந்து இல்லையென்றால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். தலைப்பிரட்டைகளை இன்றே அதே வாய்க்காலில் விடச் சொல்லுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரில் அவை பிழைப்பது கடினம். கரையிலேயே ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்து, பின்கால் முளைத்ததா என்று பார்த்து, வரைந்து, திரும்ப விடுவதே நல்ல முறை. அப்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

கேள்வி: கடற்கரைச் சிப்பிகளையும் கடற்குதிரையையும் சேகரித்துக் காட்சிக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: கடற்குதிரையும் கடல் அட்டையும் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு பெற்றவை, உலர்ந்ததைக்கூட வைத்திருக்க வேண்டாம். சில சங்கு வகைகளுக்கும் அதே நிலை என்பதால், கண்ட இடத்திலேயே படமெடுத்து விட்டுவிடுவது நல்லது. வெறும் ஓடு என்று நினைப்பது பல நேரங்களில் முனிவன் நண்டின் வீடாக இருக்கும். உங்கள் ஊருக்கு இருக்கும் பெருஞ்செல்வம் மீன் இறங்குதளம்: வலையில் வந்த மீன்களின் பெயர்களை அங்குள்ள மூத்த மீனவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் பிள்ளை, எந்த மாதத்தில் எந்த மீன் வருகிறது என்ற அட்டவணையைத் தானே உருவாக்கிவிடும்.

கேள்வி: நிறைவு நாளில் பிள்ளைகளின் செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் போடலாமா? பின்னாளில் தேர்வு எழுத இவை உதவுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மதிப்பெண் வேண்டாம். குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், வானிலை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பார்த்ததையும் ஊகித்ததையும் பிள்ளை பிரித்து எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வு வேறு வழி: தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம், இந்தக் குறிப்பேடு அங்கே மதிப்பெண்ணாக மாறாது. பறவைகளை எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு உண்டு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு இ-பேர்ட் தளத்தில் பெற்றோர் கணக்கின் வழியே பதிவேற்றலாம். வீட்டு மாடியிலிருந்து எண்ணினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.