மறதி என்றதும் ஸ்கேனா? முதலில் மாத்திரைப் பையைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. 12 வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின். ஆறு மாதமாக, "எல்லாம் மறந்து போகுது, தெரிந்தவர் பெயர்கூட வாயில் வரமாட்டேங்குது" என்று புலம்புகிறார். இது டிமென்ஷியாவா? ஸ்கேன் எடுக்கலாமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: மறதியைப் பற்றி யார் புலம்புகிறார் என்பது முக்கியம். அம்மாவே கவலைப்பட்டு, வீட்டு வேலையெல்லாம் வழக்கம்போல் நடந்தால் அவசரப்பட வேண்டாம். இப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேருக்குத்தான் டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலைகளையே பாதிக்கும் மறதி நோய், வருகிறது. மறதிப் புலம்பலே இல்லாதவர்களைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், அலட்சியமும் கூடாது. வீட்டார் எல்லாரும் கவனித்திருக்க, அவர் மட்டும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றால்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

பெயர் சட்டென்று வராமல், சாயங்காலம் தானாக நினைவுக்கு வந்தால் அது வயதின் தடுமாற்றம். பால்காரருக்குக் காலையில் பணம் கொடுத்ததே நினைவில்லாமல் மறுபடி எடுத்து நீட்டுவது, குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுவது, சொன்ன பதிலை மறந்து பத்து நிமிடத்தில் அதையே கேட்பது வேறு ரகம். அங்கே புது விஷயம் மூளையில் பதியவே இல்லை. இரண்டு வாரம் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டருக்கு ஸ்கேனைவிட அந்த நோட்டு உதவும்.

நீங்கள் எழுதியதில் எங்கள் கண்ணில் பட்டது மாத்திரைகள்தான். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்து உடலில் சேர்வது குறையும். அந்தக் குறைவு மறதியையும் தரும், கால் எரிச்சலையும் தரும். எரிச்சலுக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலினோ, நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. ஆக, ஒரே மறதிக்கு இரண்டு காரணம் வீட்டிலேயே இருக்கலாம். அரிப்புக்கு, சளிக்கு, தூக்கத்துக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவற்றையும் சேர்த்து எல்லா அட்டைகளையும் பையோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ரத்தத்தில் பி12 (ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு), தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்க்கச் சொல்வார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பதும் உண்டு. பெரிய முள்ளை 2-இல் வைக்காமல் 10-இல் வைப்பது கவனிக்க வேண்டிய தவறு. தயவுசெய்து இதை வீட்டில் ஒத்திகை பார்க்காதீர்கள், சோதனை பாழாகிவிடும்.

ஸ்கேன் தேவையா என்பது இதற்குப் பிறகுதான். ஆனால் விழுந்து அடிபட்ட பின் மறதி வந்தாலோ, இரண்டு மூன்று நாளில் திடீரெனக் குழம்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வல்லாரை லேகியம் டிமென்ஷியாவைத் தடுக்குமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், கீரைதானே. லேகியத்துக்கு வைத்த பணத்தில் காது பரிசோதனை செய்யலாம்: சரியாகக் காதில் விழாத பேச்சையும் வீட்டில் "மறந்துட்டார்" என்றுதான் சொல்வார்கள். கேட்கும் திறன் குறைவதே டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று.