பின் சில்லில் கரகர சத்தம்: செயினா, பேரிங்கா?

மோட்டார் சைக்கிளில் தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறி இறங்கும்போது பின்னால் கரகரவென்று கேட்கிறது, கிளட்சைப் பிடித்தாலும் நிற்கவில்லை, அதனால் செயின் இல்லை, பேரிங்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கிளட்சைப் பிடித்தாலும் சில்லு உருளும்வரை செயினும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டுச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் செயின் இறுகி அடுத்த இடத்தில் தொங்கினால் அது சீராகத் தேயவில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பின்பக்க நடுவில் செயினை வெளியே இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி தெரிந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

அப்புறம் டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின் சில்லைத் தாங்கும் கை) புஷ். சந்தேகம் தீராவிட்டால் செயின் லாக்கை (இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) கழற்றிச் செயினை எடுத்துவிட்டுச் சுற்றினால் தெரிந்துவிடும், அப்போதும் கரகரத்தால் பேரிங், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் பெரும்பாலும் பிரேக் டிரம். இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டதும் 'டொக்' என்று மட்டும் கேட்டால் ஹப் ரப்பரை (சில்லின் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்) பாருங்கள்.

நம்ம பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் செயின் எண்ணெய் நிற்காது. எதையும் கழற்றும் முன் துடைத்து, 90 கியர் ஒயில் விட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், சிலநேரம் அவ்வளவுதான்.