அதே டம்ளரையே "பெரிசு" என்று எடுக்கும் பையன்

வணக்கம் சகோதரி. பக்கத்தில் சொம்பையே வைத்தாலும் "பெரிசு எடு" என்றால் பையன் பழைய டம்ளரையே எடுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அது பிடிவாதம் இல்லை. 'பெரிசு' என்பதை அந்த டம்ளரின் பெயராகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். என் மகளும் இதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றாள்.

மூன்று அளவில் டம்ளர் எடுங்கள். நடு டம்ளரைச் சின்னதோடு வைத்து "எது பெரிசு?" என்று கேளுங்கள். உடனே சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதை வையுங்கள். இப்போது அதே நடு டம்ளர்தான் சின்னது! குழம்பினால் நீங்களே தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் கரண்டி, செருப்பு, வாழைப்பழம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். "எது சின்னது?" என்பதையும் கலந்து கேளுங்கள், இல்லாவிட்டால் கேள்வி காதில் விழும் முன்பே கை போய்விடும்.

தமிழில் 'பெரிசு' மாறாது, ஒப்பீடு முழுக்க 'விட'வில்தான் இருக்கிறது. "இது அதை*விட*ப் பெரிசு" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

காசு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பழைய 2 ரூபாய்க் காசு சில 5 ரூபாய்க் காசைவிட அகலம், மதிப்போ குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒப்பீடு பிடிபட்ட பிறகு அதற்கு வரலாம்.

பையன் வாயால் பதில் சொல்வானா, கை மட்டும் காட்டுவானா?