கனமான ஓட்டுநருக்குப் பழைய டிரையல்ஸ் பைக்கின் சஸ்பென்ஷனை அமைப்பது எப்படி?

95 கிலோ எடையுள்ளவர் 1970களின் புல்டாகோ ஷெர்பா டி என்ற டிரையல்ஸ் பைக்கில் (பாறைகளையும் மேடுபள்ளங்களையும் காலை ஊன்றாமல் மெதுவாகக் கடக்கும் போட்டிக்கான பைக்) ஏறினால் பின்புறம் அமிழ்கிறது என்றும், பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பிரீலோட் பைக்கின் நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியே இருக்கும்.

டிரையல்ஸ் ஓட்டுநர் பெரும்பாலும் நின்றே ஓட்டுவதால், ஃபுட்ரெஸ்டில் நின்றபடியே அமிழ்வை அளக்க வேண்டும். பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் 100 மில்லிமீட்டர் என்றால், ஏறத்தாழ 30 முதல் 35 வரை அமிழ்வது சரி. அதற்கு மேல் அமிழ்ந்தால் முன்ஃபோர்க் சாய்ந்து, முன்சக்கரம் இலேசாகி, பாறைகளுக்கிடையே இறுக்கமாகத் திரும்புவது கடினமாகிவிடும். இந்த பைக்கின் உயிரே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் பின்புற ஸ்பிரிங்குகளை விறைப்பானவையாக மாற்றுங்கள். விறைத்த ஸ்பிரிங் வேகமாக மீளும் என்பதால், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டேம்பர்கள் தேய்ந்து பழையதாகியிருந்தால் அவற்றை அதனுடன் பொருத்தாதீர்கள். முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங்கைச் சற்று அழுத்தி வைக்கும் சிறு ஸ்பேசரும் சற்றே கெட்டியான எண்ணெயும் பெரும்பாலும் போதும்.