பரம்பரைக் கண் நோய்க்கு மரபணு சிகிச்சை என்றால் என்ன? அதில் ஆய்வு மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், பொழுது மங்கினால் வாசல்படியைக் காலால் துழாவித்தான் இறங்குவான். சத்துக்குறைவு இல்லை, மரபணுப் பிழை. விழித்திரைக்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு பிறவியிலேயே பழுது. அதன் நல்ல பிரதியைச் செல்லுக்குள் சேர்ப்பதுதான் மரபணு சிகிச்சை.

நம்ம மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாள நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்வித்தான் ஏறும். பற்சக்கரம் உடைந்தால் எஞ்சின் நன்றாக இருந்தும் பயனில்லை. இங்கே புதுச் சக்கரம், அந்த நல்ல பிரதி; அதைச் செல்லுக்குச் சுமந்துபோகும் கூலியாள், தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ்.

2017-ல் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவுக்குத்தான். பழுதானால் விழித்திரையைக் கெடுக்கும் மரபணுக்களோ 200-க்கும் மேல். அதில் ஒன்றோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவதே பல முனைவர் பட்ட ஆய்வுகளின் வேலை.

அப்புறம், சிகிச்சை எடுத்தால் பிள்ளைகளுக்கு நோய் இறங்காது என்பது தப்பு. மருந்து விழித்திரையோடு நின்றுவிடும்.