பரணிலிருந்து இறங்கிய ரயில் எஞ்சின்கள்: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். மாடல் ரயில் எஞ்சின் பழுது பார்ப்பது அதே மேஜையில் ராத்திரி நடக்கும் வேலை. வாளையாரிலிருந்து செங்கோட்டை வரை எல்லையோரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

வாளையாரிலிருந்து: அண்ணா, மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ஹார்ன்பி எஞ்சின். பல வருஷமாகப் பரணில் கிடந்தது. கரண்ட் கொடுத்தால் முனகுகிறது, நகர மாட்டேன் என்கிறது. மோட்டார் போய்விட்டதா?

முனகுகிறது என்றால் காயில் உயிரோடு இருக்கிறது தம்பி. உடனே கரண்டை நிறுத்துங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிஜமாகவே போகும்.

பத்தில் எட்டு எஞ்சினுக்கு நோய் ஒன்றுதான்: பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். மேல்கூட்டைக் கழற்றி, கியரில் இருக்கும் அந்தப் பழுப்பு நிறப் பிசினைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். அப்புறம் மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டுத் துடையுங்கள். கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

அடுத்தது கம்யூட்டேட்டர், அதாவது சுற்றும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகள் உரசுகிற, துண்டு துண்டான செம்பு வட்டம். அது செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். கறுத்திருந்தால் பட்ஸில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துண்டுகளுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் கார்பன் பொடி அடைத்திருந்தால் குச்சி முனையால் எடுங்கள். அந்தப் பொடிதான் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஷார்ட் ஆக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் கார்பனைத் தின்றுவிடும்.

கடைசியாக எண்ணெய். ஷாஃப்ட் பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு துளி போதும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது.

அதே தம்பி: எண்ணெய் என்றால் எது? வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது.

அது தோசைக்கு. மார்கழியில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கிறதே, பேரிங்குக்குள் மட்டும் உறையாதா? பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று எழுதியிருக்கும் மெல்லிய சிந்தெடிக் எண்ணெய் வாங்குங்கள். கிடைக்கும்வரை உலோக பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம், பிளாஸ்டிக் கியருக்கு வேண்டாம். துரு நீக்கும் ஸ்ப்ரேயை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் முக்கால்வாசி ஆவியாகிவிடும், மிச்சம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மீனாட்சிபுரத்திலிருந்து: ட்ரையாங் எஞ்சின், எக்ஸ்04 மோட்டார். தனியாக ஓடினால் பறக்கிறது. நாலு பெட்டி மாட்டினால் நின்றுவிடுகிறது, மோட்டார் கையைச் சுடுகிறது. சுத்தமெல்லாம் செய்துவிட்டேன்.

வெறும் ஓட்டத்தில் வேகம், சுமையில் தளர்ச்சி, கூடவே சூடு. மூன்றும் சேர்ந்து வந்தால் காந்தம் பலம் இழந்திருக்கிறது என்று அர்த்தம். காந்தம் பலமாக இருந்தால் காயில் கட்டிய, சுற்றும் பகுதியான ஆர்மேச்சரே எதிர்மின்னழுத்தம் உண்டாக்கிக் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும். காந்தம் தளர்ந்தால் அந்தத் தடுப்பு குறையும். மோட்டார் வேகமாகச் சுற்றும், கரண்டை அதிகமாக இழுக்கும், இழுவை மட்டும் வராது.

அந்தக் காலத்து அல்நிகோ காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. மோட்டாரின் இரும்புச் சட்டத்திலிருந்து சும்மா கழற்றி எடுத்தாலே பலம் இறங்கிவிடும். உங்கள் எஞ்சினை யாரோ முன்பு பிரித்து, காந்தத்தைத் தனியே மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கலாம். இனி யாராவது கழற்றினால், முதலில் காந்தத்தின் இரு துருவத்தையும் சேர்த்து ஒரு இரும்புத் துண்டை ஒட்ட வைத்துவிட்டு அப்புறம் உருவட்டும்.

பழைய காந்தத்துக்கு மறுபடி பலம் ஏற்றலாம், அதற்குத் தனிக் கருவி வேண்டும். அதைவிடச் சிறிய நியோடிமியம் காந்தங்களை அந்த இடத்தில் வைத்து, மிஞ்சிய இடைவெளியை இரும்புத் தகட்டால் நிரப்புவது சுலபம். இடைவெளியைக் காற்றாக விட்டால் பலன் பாதி போய்விடும். துருவம் மாற்றி வைத்தால் எஞ்சின் பின்னோக்கி ஓடும், பயப்படாமல் திருப்பி வையுங்கள்.

அதற்கு முன் ஆர்மேச்சரையும் பார்த்துவிடுங்கள். மூன்று துண்டு கம்யூட்டேட்டரில் ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் காயிலில் கோளாறு. அப்படியானால் கடைக்குக் கொண்டு வாருங்கள். பம்ப் செட் கட்டும் கைக்கு அது ஒரு மணி நேர வேலை, கண்ணுக்குத்தான் கஷ்டம்.

செங்கோட்டையிலிருந்து ஒரு ஆசிரியர்: பழைய எஞ்சினை டிசிசிக்கு மாற்ற ஆசை. டீகோடர் வாங்கிவிட்டேன். எப்படி இணைப்பது?

தெரியாதவர்களுக்கு: டிசிசி என்பது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் முறை, டீகோடர் என்பது எஞ்சினுக்குள் இருந்து அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன போர்டு. சார், டீகோடரை இன்னும் கொஞ்ச நாள் டப்பாவிலேயே வைத்திருங்கள். சாதாரண 12 வோல்ட் டிசியில் உங்கள் எஞ்சின் நத்தை வேகத்தில் திக்காமல் ஊர்ந்து போகிறதா? போகவில்லை என்றால் டீகோடர் போட்டாலும் போகாது. தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுப்பதில் இருக்கும் குறையை டிசிசி இன்னும் பெரிதாகத்தான் காட்டும். ஒரு நொடி தொடர்பு விட்டாலும் டீகோடர் செத்துப் பிழைக்கும்.

ஓடுகிறது என்றால் அடுத்த சோதனை கரண்ட். மீட்டரை 10 ஆம்பியர் பக்கம் வைத்துத் தொடரில் இணைத்து, 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் வரும் அளவு டீகோடர் தாங்கும் உச்ச அளவுக்குள் இருக்க வேண்டும். எச்ஓ, ஓஓ என்ற மாடல் அளவுகளுக்கான டீகோடர்கள் பெரும்பாலும் 1 ஆம்பியர் சுற்றுவட்டாரம். பழைய திறந்த மோட்டார் அதைத் தாண்டினால் முதலில் காந்தத்தையும் கார்பனையும் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. மோட்டாரின் இரண்டு முனையும் உடலிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் முழுசாகப் பிரிந்திருக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் ஒரு கார்பன் நேராக உலோக உடலில் எர்த் ஆகியிருக்கும். எக்ஸ்04 மோட்டாரில் கார்பனை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் குழாய் இருக்கும், இன்னொரு காலுக்கும் நீங்கள் போட வேண்டும். போட்டபின் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். எங்கேயும் பீப் அடிக்கக் கூடாது. இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்தவர்களின் டீகோடர்கள் என் மேஜை இழுப்பறையில் கருகிக் கிடக்கின்றன.

அப்புறம் வயர் வேலை சின்னப்பிள்ளை வேலை. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பிளஸ். மோட்டாரில் இரைச்சல் தடுக்க ஒட்டியிருக்கும் பழைய கெபாசிட்டரை எடுத்துவிடுங்கள். ஈயம் வைத்த இடமெல்லாம் சுருங்கும் குழாய் போடுங்கள், கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் பசை விட்டு வழுக்கிவிடும்.

முதல்முறை கரண்ட் கொடுப்பது டீகோடருக்கு அமைப்புகளை எழுதும் புரோகிராமிங் தண்டவாளத்தில்தான். அதில் கரண்ட் குறைவாகத்தான் வரும், வயர் தப்பாக இருந்தாலும் டீகோடர் பிழைத்துக்கொள்ளும். புது டீகோடரின் விலாசம் 3. குழப்பிவிட்டால் பெரும்பாலான தயாரிப்புகளில் சிவி 8 என்ற அமைப்பு எண்ணில் 8 எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

அதே ஆசிரியர்: டீகோடர் போடாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் சும்மா நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம் சார். முன்னும் பின்னும் மாறி மாறி வரும் மின்சாரத்தில் மோட்டார் நின்ற இடத்திலேயே பாடி, சூடேறும். சுற்றும் பகுதியில் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் சீக்கிரமே போய்விடும்.

கோபாலபுரத்திலிருந்து: அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய ஏதர்ன் டீசல். ஓடும்போது டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டுகிறது.

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் கியரில் வெடிப்பு. உலோக அச்சை இறுக்கிப் பிடித்திருக்கும் கியர் காலப்போக்கில் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி கூடிவிடும், அங்கே வரும்போதெல்லாம் தட்டும். பசை போட்டு ஒட்டாதீர்கள், நிற்காது. புது கியர் தனியாகக் கிடைக்கிறது. மாட்டியபின் இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியைப் பாருங்கள், எச்ஓவுக்கு 14.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்க வேண்டும். கூடினால் தடம் பிரியும் பாயின்டில் ஏறி இறங்கும்.

அக்கா கண்ட்ரோலரும் சேர்த்து அனுப்பியிருந்தால் கவனம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230-ல் நேராகச் சொருகினால் புகைதான் வரும்.

பொள்ளாச்சியிலிருந்து: தாத்தா வைத்திருந்த மார்க்லின் எஞ்சின், ஜெர்மனி. நம் ஹார்ன்பி தண்டவாளத்தில் வைத்தவுடன் கண்ட்ரோலர் ஷார்ட் காட்டுகிறது. எஞ்சினில் கோளாறா?

எஞ்சினில் கோளாறு இல்லை, ஜாதி வேறு. மார்க்லின் எச்ஓ மூன்று தொடர்பு முறை. இரண்டு பக்கத் தண்டவாளமும் ஒரே முனை, நடுவில் வரிசையாக இருக்கும் சின்னக் குமிழ்கள் இன்னொரு முனை. அதனால் சக்கரங்களுக்கு இடையே இன்சுலேஷன் கிடையாது, இரண்டு தண்டவாள முறையில் வைத்தால் ஷார்ட் ஆகத்தான் செய்யும். ஓடுவது 16 வோல்ட் ஏசியில். திசை மாற்ற 24 வோல்ட் துடிப்பு ஒன்று கொடுத்து உள்ளே இருக்கும் ரிலேயைத் தட்ட வேண்டும்.

அதை இரண்டு தண்டவாளத்துக்கு மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் சக்கரம் முதல் எல்லாவற்றையும் தொட வேண்டும். என் கருத்தில் அது தாத்தாவின் எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம். நாலு மார்க்லின் தண்டவாளத் துண்டு தேடி வாங்கி, அதன் போக்கிலேயே ஓட விடுங்கள். கூட வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரின் வயர் ரப்பர் உதிர்ந்திருந்தால் மட்டும் சுவரில் சொருகவே சொருகாதீர்கள்.

புளியரையிலிருந்து: செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையின் பழைய மீட்டர் கேஜை வீட்டில் வைக்க ஆசை. அதற்குப் பழைய எஞ்சின் எதையாவது மாற்றலாமா?

கேட்டதும் சந்தோஷமாகிவிட்டது. 1904-ல் திறந்த பாதை, 2010-ல் அகலப்படுத்த மூடி, 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் வண்டி போவதை இனி மேஜை மேல்தான் பார்க்க முடியும்.

கணக்கு இது. எச்ஓ அளவு 1-க்கு 87. ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். எச்ஓவைவிடச் சிறிய டிடி என்ற மாடல் அளவின் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆக, டிடி அளவில் ஆறு சக்கர போகி, அதாவது அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி, இரண்டு உள்ள பழைய டீசல் ஒன்றை வாங்கி, அதன் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே ஒய்டிஎம்4 என்ற மீட்டர் கேஜ் டீசலின் கூட்டை எச்ஓ அளவில் பிளாஸ்டிக் தகட்டிலோ 3டி பிரின்டிலோ செய்யுங்கள். போகிகளின் நடு இடைவெளியை முதலில் அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். நீராவி எஞ்சின் செய்ய ஆசைப்பட்டால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

மூணாறிலிருந்து: எங்கள் குண்டளை பள்ளத்தாக்கு ரயிலுக்கும் ஒரு வழி சொல்லுங்கள் அண்ணாச்சி.

1924 வெள்ளம் கொண்டுபோன பாதை. அது இரண்டடி கேஜ், எச்ஓவில் 7 மில்லிமீட்டர் வரும். 7-க்குச் சாமான் கிடைப்பது கஷ்டம். சற்றுப் பெரிய ஓஓ அளவு எடுத்தால் 8 வரும், 'என்' (N) கேஜ் என்ற 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் சமாளித்துவிடலாம். பழைய 'என்' கேஜ் எஞ்சினின் அடிப்பகுதியும் அப்படியே பயன்படும்.

ஆரியங்காவிலிருந்து: மழைக்காலம் வந்தால் எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

தண்டவாளம் எந்த உலோகம் என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பழைய செட்களில் வரும். கணவாய் வழியே வரும் சாரல் காற்றுக்கு அது துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறுங்கள், அதைவிட நல்ல செலவு இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. எஞ்சினின் சக்கரத்தையும் துடைக்க வேண்டும். டிஷ்யூ தாளில் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்களை மட்டும் அதன்மேல் ஓட விட்டால் கறுப்புக் கோடு விழும். கோடு நிற்கும்வரை செய்யுங்கள்.

சேமித்து வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பழைய ஸ்பாஞ்சைத் தூக்கி எறியுங்கள், அது பிசுபிசுத்துப் பெயின்டைத் தின்றுவிடும்.

வாளையார் தம்பி மறுபடியும்: எஞ்சின் ஓடுது அண்ணா! விளக்கு மட்டும் எரியவில்லை. எல்இடி போடலாமா?

போடுங்கள். வெதுவெதுப்பான வெள்ளை நிறம் வாங்குங்கள், நீல வெள்ளை போட்டால் பழைய எஞ்சின் போலவே இருக்காது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடரில். டிசியில் பின்னோக்கி ஓட்டும்போது எல்இடிக்குத் தலைகீழ் வோல்ட்டேஜ் வரும், அதைத் தாங்காது. கூடவே ஒரு 1என்4148 டையோடும் வையுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: எஞ்சினின் உலோக அடிப்பாகம் வீங்கி, விரிசல் விட்டு, தொட்டால் உதிர்கிறது. ஒட்ட வழி உண்டா?

இல்லைங்க. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால் வார்த்த நாளிலிருந்தே உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். மோட்டார், கியர், சக்கரம், விளக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு, அதே மாடலில் மோட்டார் கருகிய எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதா பாருங்கள்.